கடைவாசல் எல்லோருக்கும் திறந்திருக்கிறதா? ஓரிக்கைப் பட்டும் இணைய அணுகலும்

காஞ்சிபுரத்தின் தென்புறத்தில், பாலாற்றுப் பக்கமாக அமைந்த ஊர் ஓரிக்கை. ‘ஓரிரவு இருக்கை’ என்பதே மருவி ஓரிக்கை ஆயிற்று என்பது தலபுராணம். பல்லவ மன்னன் கணிகண்ணனை நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணையிடுகிறான். பிரம்பறுக்கும் குடியில் வளர்ந்தவர் எனச் சொல்லப்படும் அவருடைய ஆசான் திருமழிசையாழ்வாரும் உடன் புறப்படுகிறார். அவர் பின்னே பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு நகரை விட்டு நீங்கி, ஓரிரவு இங்கே தங்குகிறார். கதையைக் கதையாகவே கொள்வோம். எனினும், ஒருவருக்கு வாசலை அடைத்த நகரம் மற்றவர்களுக்கும் நகரமாக நீடிக்கவில்லை என்னும் அதன் உட்பொருள், இன்று நாம் பேச வந்த செய்திக்குப் பொருத்தமானது.

காஞ்சிப் பட்டு இன்று காந்தி சாலைக் கடைகளில் மட்டும் விற்கப்படுவதில்லை. இணையதளங்கள், கைபேசிச் செயலிகள், வாட்ஸ்அப் குழுக்கள் வழியாக அது சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் டொராண்டோவுக்கும் செல்கிறது. 1935இல் தொடங்கப்பட்ட கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் இணையவழி விற்பனைக்கு வந்துவிட்டது. ஓரிக்கையைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி வைத்திருக்கும் குடும்பத்து இளைஞர்கள் இடைத்தரகர் இன்றித் தாமே விற்க முயல்கிறார்கள். இது வரவேற்கத்தக்க மாற்றம். ஆனால், இந்தப் புதிய கடைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசல் யாருக்குத் திறக்கிறது, யாருக்கு அடைத்துக் கிடக்கிறது என்னும் கேள்வி தலித் இயக்கங்களில் அதிகம் எழுப்பப்படவில்லை. அக்கேள்வியை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரில்லாத பொத்தான்கள்

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியை தன் தங்கையின் திருமணத்துக்குப் பட்டுச்சேலை வாங்க விரும்புகிறார். அவருடைய கைபேசியில் திரைவாசிப்பான் இருக்கிறது. திரையில் உள்ள எழுத்தைக் குரலாக மாற்றிச் சொல்லும் மென்பொருள் அது. விற்பனைத் தளம் ஒன்றைத் திறந்ததும் அது சொல்லத் தொடங்குகிறது: “படம். படம். பொத்தான். படம் 4072. பொத்தான்.” சேலையின் நிறம் என்ன, கரை என்ன, எடை என்ன என்று எதுவும் தெரியவில்லை. விலை படத்துக்குள்ளேயே பொறிக்கப்பட்டிருப்பதால் திரைவாசிப்பானுக்கு அது எட்டவில்லை. கூடையில் சேர்க்கும் பொத்தானுக்குப் பெயர் இடப்படவில்லை. தட்டுத்தடுமாறிக் கடைசிக் கட்டத்துக்கு வந்தால், ‘படத்தில் தெரியும் எழுத்துகளைத் தட்டச்சு செய்க’ என்று தளம் கேட்கிறது. அவரிடம் பணம் இருக்கிறது. கடையில் சேலையும் இருக்கிறது. வாசலைத்தான் காணவில்லை.

இத்தகைய தளங்கள் விதிவிலக்கு என்று கருத வேண்டாம். வெப்எய்ம் என்னும் அமெரிக்க அமைப்பு ஆண்டுதோறும் உலகின் முன்னணி 10 லட்சம் இணையதளங்களின் முகப்புப் பக்கங்களைத் தானியங்கிக் கருவியால் ஆராய்கிறது. 2025ஆம் ஆண்டு ஆய்வில் 94.8 விழுக்காட்டுப் பக்கங்களில் அணுகல் பிழைகள் கண்டறியப்பட்டன. மங்கலான எழுத்து, விளக்கமில்லாப் படம், பெயரில்லாப் படிவக் கட்டம், வெற்று இணைப்பு, வெற்றுப் பொத்தான், மொழி குறிக்கப்படாத பக்கம் ஆகிய ஆறு வகைப் பிழைகளே அவற்றுள் மிகப் பெரும்பான்மை. இவற்றில் எதுவும் தீர்க்கவியலாத தொழில்நுட்பச் சிக்கல் கிடையாது. தளத்தைக் கட்டியவர்கள் வாடிக்கையாளரை மனத்தில் உருவகித்தபோது, அந்த உருவத்தில் இம்மக்கள் இடம்பெறவில்லை. அதுவே காரணம்.

‘கடை’ என்ற சொல்லின் வரலாறு

பொது இடத்துக்குள் நுழையும் உரிமை தலித் மக்களுக்கு எவரும் அளித்த கொடையாக வந்ததில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1924இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் பொதுச் சாலை, கிணறு, பொதுக் கட்டடம் ஆகியவற்றை ஒடுக்கப்பட்ட மக்கள் பயன்படுத்தும் உரிமைக்காகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று மகத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீரை அள்ளிப் பருகினார். இந்தப் போராட்டங்களின் சாரமே அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவாக உருப்பெற்றது. கடைகள், உணவகங்கள், கிணறுகள், குளங்கள், சாலைகள் ஆகியவற்றை அணுகுவதில் சாதி, மதம், இனம், பால், பிறப்பிடம் ஆகியவற்றின் அடிப்படையில் எவருக்கும் தடை விதிக்கக் கூடாது என்கிறது அப்பிரிவு.

1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் இப்பிரிவு விவாதத்துக்கு வந்தபோது, ‘கடை’ என்னும் சொல்லின் எல்லை எது என்ற ஐயம் எழுந்தது. சலவை நிலையமும் முடிதிருத்தகமும் அதில் அடங்குமா? அம்பேத்கர் அளித்த விளக்கம் அச்சொல்லை மிக விரிந்த பொருளில் நிறுத்தியது. நாடி வருவோர் எவருக்கும் தன் சேவையை அளிக்க ஒருவர் ஆயத்தமாக இருக்கும் இடம் எதுவோ, அது கடை. நான்கு சுவரும் கல்லாப்பெட்டியும் இருந்தால்தான் கடை என்று அவர் கருதவில்லை. இந்த விளக்கத்தைத் துணைகொண்டே, 2011இல் இந்திய மருத்துவச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் தனியார் கல்வி நிறுவனங்களையும் அச்சொல்லுக்குள் வைத்துப் படித்தது.

அம்பேத்கரின் இந்த அளவுகோலால் அளந்தால் இணையதளமும் கடையே. ஊர் பேர் தெரியாத எவரும் வந்து வாங்கலாம் என்று அழைப்பதற்காகவே அது கட்டப்படுகிறது.

இயலாமையை உண்டாக்குவது எது?

இங்கே ஒரு சொல்லை உற்று நோக்க வேண்டும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவின் ஆங்கில மூலம், தீண்டாமையிலிருந்து எழும் எந்த ‘டிசபிலிட்டி’யையும் ஒருவர்மீது திணிப்பது குற்றம் என்கிறது. 15(2)ஆம் பிரிவிலும் அதே சொல் இடம்பெறுகிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, கடைக்குள் நுழையவிடாமல் தடுப்பது உள்ளிட்ட செயல்களை ‘சமூக டிசபிலிட்டி’ என்றே வகைப்படுத்துகிறது. கிணற்றை அணுக முடியாதவரின் கையிலோ காலிலோ குறையிருந்தது என்பது அதன் பொருளாகாது. ஊர் அவர்மீது சுமத்திய தடையையே அச்சொல் குறிக்கிறது.

60 ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, அதே கருத்தை மறுமுனையிலிருந்து வந்தடைகிறது. நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் குறைபாடு உடைய ஒருவர், தடைகளை எதிர்கொள்ளும்போது சமூகத்தில் பிறருக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போகிறார் என்றே அச்சட்டம் மாற்றுத்திறனாளியை வரையறுக்கிறது. தடை என்பதில் கட்டமைப்பையும் மனப்பான்மையையும் நிறுவனங்களையும் பொருளாதாரத்தையும் அது சேர்த்தே சொல்கிறது. படிக்கட்டு மட்டுமே உள்ள கட்டடம் சக்கர நாற்காலியில் வருபவரை இயலாதவராக்குகிறது. பெயரில்லாப் பொத்தான் பார்வையற்றவரை இயலாதவராக்குகிறது.

சாதியும் மாற்றுத்திறனும் ஒன்றே என்று நாம் வாதிடவில்லை. சாதி இழிவு திட்டமிட்டுக் கற்பிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாகத் தண்டனையாலும் வன்முறையாலும் காக்கப்படுவது. இணையதளத்தின் தடை பெரும்பாலும் அறியாமையாலும் அலட்சியத்தாலும் நேர்வது. நோக்கம் வேறுபடுகிறது, ஆனால், வெளியே நிற்பவரின் நிலை வேறுபடுவதில்லை. வெளியே நிறுத்தப்படுவது எத்தகையது என்பதை நம்மைவிட அறிந்தவர் எவர்?

மேலும், இது பிறருடைய சிக்கலும் கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் உள்ளனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். மொத்த மக்கள்தொகையில் அவர்களின் பங்கு 2.21 விழுக்காடு. பட்டியல் சாதியினரிடையே அது 2.45 விழுக்காடாக உயர்கிறது. பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதோரிடையே 2.18 விழுக்காடு. ஊட்டக்குறைவு, எட்டாத மருத்துவம், ஆபத்தான தொழில்கள் ஆகியவற்றோடு இந்த வேறுபாட்டை இணைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. காஞ்சிப் பட்டுத் தொழிலே இதற்குச் சான்று. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வெளியிட்ட அறிக்கை, பட்டுத் தறிகளில் கொத்தடிமைகளாக உழைத்த குழந்தைகளைப் பற்றிப் பேசியபோது காஞ்சிபுரத்தையும் ஆராய்ந்தது. அக்குழந்தைகளில் தலித் குழந்தைகள் பெருமளவில் இருந்ததையும் சுட்டியது. மங்கிய வெளிச்சத்தில் இழை எண்ணி வளர்ந்த கண்களும் குழித்தறியில் மடங்கியே இருந்த கால்களும் இன்று நடுவயதை எட்டியிருக்கின்றன. தாம் நெய்த சேலை விற்கப்படும் தளத்தைத் தாமே படிக்க முடியாத நிலைக்கு அவர்களில் ஒருவரேனும் ஆளானால், அதைவிடக் கொடிய முரண் வேறில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்கு மட்டும் உரியது என்னும் தவறான எண்ணம் பரவலாக உள்ளது. ‘நிறுவனம்’ என்ற சொல்லில் தனியார் நிறுவனத்தையும் அச்சட்டம் சேர்க்கிறது. ‘பொது வசதிகளும் சேவைகளும்’ என்பதன் வரையறையில் கல்வி, மருத்துவம், வங்கி, போக்குவரத்து ஆகியவற்றோடு கடை வணிகமும் சந்தைப்படுத்தலும் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. அரசானாலும் தனியாரானாலும் சேவை வழங்குவோர், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுகளுக்குள் அணுகல் விதிகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது 46ஆம் பிரிவு. விதிகள் 2017 ஜூன் மாதம் வெளிவந்தன. அந்தக் கெடு 2019 ஜூனிலேயே முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் முதன்முறை 10,000 ரூபாய் வரையும், மீண்டும் மீறினால் 50,000 ரூபாய் முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க 89ஆம் பிரிவு வழிசெய்கிறது.

இச்சட்டம் தனியார் செயலிகளையும் தொடும் என்பதற்கு 2022ஆம் ஆண்டு நிகழ்வு ஒன்று உண்டு. பார்வை மாற்றுத்திறனாளியான வழக்கறிஞர் ராகுல் பஜாஜ், மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்யும் தனியார் செயலி ஒன்றைத் திரைவாசிப்பானால் பயன்படுத்த முடியவில்லை என்று மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையரிடம் முறையிட்டார். தனியார் என்பதால் 46ஆம் பிரிவிலிருந்து தப்ப முடியாது என்பது அம்முறையீட்டில் நிலைநாட்டப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகள் இதனை மேலும் வலுப்படுத்தின. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருந்த 15(1)ஆம் விதி தாய்ச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் அறிவித்தது. கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. ‘செய்தால் நல்லது’ என்பதும் ‘செய்தே ஆக வேண்டும்’ என்பதும் வேறு வேறு என்பதே அத்தீர்ப்பின் சாரம். அடுத்து, 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கில் நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு தீர்ப்பளித்தது. அமில வீச்சுக்கு ஆளாகிக் கண்களை இமைக்க இயலாத ஒரு பெண்ணிடம், உயிருள்ளவர் என்பதை மெய்ப்பிக்கக் கேமராவின் முன் இமைக்குமாறு ஒரு வங்கியின் இணைய நடைமுறை கேட்டதே வழக்கின் தொடக்கம். எண்மவழி அணுகல் என்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறி, 20 வழிகாட்டுதல்களைப் பிறப்பித்தது.

வெளிநாட்டில் விற்போர் அறிய வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இணைய வணிகமும் அதற்கு உட்பட்டது. பத்துப் பேருக்கும் குறைவான பணியாளர்களும் ஆண்டுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மிகாத வணிகமும் கொண்ட மிகச் சிறு சேவை நிறுவனங்களுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு.

வாசலைக் கட்டுவது எப்படி?

இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய கூட்டமைப்பு, 1999 முதல் அணுகல் நெறிமுறைகளை வெளியிட்டு வருகிறது. 2023 அக்டோபரில் வெளியான 2.2ஆம் பதிப்பு அண்மையது. நெறிமுறைகள் பலவானாலும் அடிப்படை நான்கே: பக்கத்தில் உள்ளதைப் புலன்களால் உணர முடிய வேண்டும், இயக்க முடிய வேண்டும், புரிந்துகொள்ள முடிய வேண்டும், பலவகைக் கருவிகளிலும் அது சிதையாமல் இயங்க வேண்டும். இவற்றை ஓரிக்கைத் தறியிலிருந்து பட்டு விற்கும் ஒரு சிறு தளத்துக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும். விலை, எடை, முகவரி ஆகியவற்றைப் படத்துக்குள் வரையாமல் யுனிகோடு தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யுனிகோடை ஏற்றுக்கொண்டது. எனினும் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருக்களில் அடித்த உரையை அப்படியே தளத்தில் ஏற்றும் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும் அவ்வுரையைத் திரைவாசிப்பான் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகப் படிக்கும். பக்கத்தின் மொழி தமிழ் என்பதை நிரலின் முதல் வரியிலேயே குறிக்கவும் வேண்டும். குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழை வாசிக்க முற்பட்டுத் தடுமாறும்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் மாற்று உரை வேண்டும். படத்தைக் காண இயலாதவருக்காக நிரலில் சேர்க்கப்படும் விளக்கம் அது. ‘பட்டுச்சேலை 7’ என்று எழுதுவது விளக்கம் ஆகாது. ‘மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு நிறக் கோர்வைக் கரை, கரையில் சரிகைக் கோபுர வரிசை, உடலெங்கும் சிறு புட்டா, முந்தானையில் அன்னப்பறவைகள்’ என்று எழுதினால் சேலை கண்முன் விரியும். கோர்வை, மயில்கண், ருத்ராட்சம், தாழம்பூ ரேக்கு முதலிய சொற்கள் நெசவாளரின் அன்றாடப் பேச்சில் உள்ளவை. உடலும் கரையும் தனித்தனி நிறத்தில் அமைய, மூன்று நாடாக்களை ஓட்டி இழையோடு இழை கோக்கும் கோர்வை வேலையைத் தறியில் அமர்ந்தவரைவிடத் தெளிவாக விளக்க எவராலும் இயலாது. ஆகவே, மாற்று உரையை எழுத வேண்டியவர் நெசவாளரே. கூலிக்கு நெய்பவரின் அறிவு விலைச்சீட்டில் இடம்பெறுவதில்லை. இங்கே அது இடம்பெற வழி பிறக்கிறது. பார்வையுள்ள வாடிக்கையாளரும் தேடுபொறியும் அதே விளக்கத்தால் பயனடைவது கூடுதல் நன்மை.

மூன்றாவது, சுட்டி இல்லாமல் விசைப்பலகையை மட்டும் கொண்டு தளம் முழுவதும் சென்றுவர முடிய வேண்டும். கை நடுக்கம் உள்ளவரும் ஒரு கை மட்டும் இயங்குபவரும் பார்வையற்றவரும் விசைகளைக் கொண்டே இயங்குகிறார்கள். பொத்தான்களுக்குப் பெயர் வேண்டும். தலைப்புகளைப் பெரிய எழுத்தாக மட்டும் காட்டாமல் தலைப்பு என்றே நிரலில் குறிக்க வேண்டும். தொடும் இடங்கள் விரலுக்கு அடங்கும் அளவில், ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வேண்டும்.

நான்காவது, நிறம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிவேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பது நெறிமுறை. பட்டுக் கடைகள் விரும்பும் பொன்னிறத்தை வெள்ளைப் பின்னணியில் எழுதினால் அவ்விகிதம் பெரும்பாலும் 2-க்கு 1 என்ற அளவிலேயே நின்றுவிடும். அதே பொன்னிறத்தை அடர்ந்த அரக்கின்மீது எழுதினால் தேறிவிடும். எழுத்தை இருமடங்கு பெரிதாக்கினாலும் பக்கம் குலையாதிருக்க வேண்டும். இது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரிய வசதி கிடையாது. ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும், வெயிலில் நின்று மலிவான கைபேசியைப் பார்க்கும் எவருக்கும் தேவைப்படுவது.

ஐந்தாவது, படிவமும் பணமும். பெயர், முகவரி, அஞ்சல் எண் ஆகிய கட்டங்களுக்கு உரிய பெயர் நிரலில் இணைக்கப்பட வேண்டும். பிழை நேர்ந்தால் கட்டத்தைச் சிவப்பாக்குவது போதாது. ‘அஞ்சல் எண்ணில் ஆறு இலக்கங்கள் வேண்டும்’ என்று எழுத்தில் சொல்ல வேண்டும். படத்தைப் பார்த்து எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்சாவுக்கு மாற்றுவழி வேண்டும். ஓடிபி எண்ணை உள்ளிடப் போதிய நேரம் தர வேண்டும். நூறு அடி நடந்து வந்தவரைக் கல்லாவின் முன் திருப்பி அனுப்புவதற்கு ஒப்பானது, கடைசிப் பக்கத்தில் அமைந்த தடை.

ஆறாவது, காணொளி. தறியோட்டத்தைக் காட்டும் காணொளியில் பேச்சு இருந்தால், செவித்திறன் குறைந்தோருக்காக அதனை எழுத்தாகவும் தர வேண்டும். ‘மேலும் அறிய அழைக்கவும்’ என்று தொலைபேசி எண்ணை மட்டும் தந்தால் செவித்திறனற்றோர் விலக்கப்படுவர். குறுஞ்செய்தி அனுப்பும் வழியும் உடன் இருக்க வேண்டும்.

தளமே இல்லாமல் வாட்ஸ்அப்பில் விற்போருக்கும் இவை பொருந்தும். படத்தோடு நிறம், கரை, எடை, விலை ஆகியவற்றை இரண்டு வரியில் தட்டச்சு செய்து அனுப்பினாலே பாதி வாசல் திறந்துவிடும்.

ஒட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியுமா?

ஒரே வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுவதும் அணுகத்தக்கதாக மாறிவிடும் என்று கூறி விற்கப்படும் கருவிகள் சந்தையில் உள்ளன. பக்கத்தின் மூலையில் சக்கர நாற்காலிச் சின்னத்தோடு தோன்றுபவை பெரும்பாலும் இவையே. அவை எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். ஆனால், சேலையின் கரை எத்தகையது என்பதை அவை அறியா. குலைந்த படிவத்தை அவற்றால் முழுமையாகச் சீராக்க இயலாது. 2025 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம், இத்தகைய கருவி விற்கும் நிறுவனம் ஒன்று தன் ஆற்றலை மிகைப்படுத்தி விளம்பரம் செய்ததாகக் கூறி 10 லட்சம் டாலர் செலுத்துமாறு நடவடிக்கை எடுத்தது. சமபந்தி நடத்திவிட்டுச் சேரிக்குச் சாலை போட மறுப்பதைப் போன்றது இந்த ஒட்டுவேலை. தொடக்கத்திலேயே திட்டமிட்டால் அணுகல் பெரிய செலவு பிடிப்பதில்லை. கட்டி முடித்த பின் இடித்துக் கட்டுவதே செலவு.

சோதித்துப் பார்ப்பதற்கும் பணம் வேண்டியதில்லை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான், பார்வையற்ற நிரலாளர்கள் இருவர் ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய முயற்சி. கணினியில் இலவசமாக நிறுவலாம், தமிழையும் வாசிக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக் வசதி முன்னரே உள்ளது. திரையை அணைத்துவிட்டு, நாம் கட்டிய தளத்தில் நாமே ஒரு சேலையை வாங்க முயன்றால் பத்து நிமிடத்தில் குறைகள் தெரிந்துவிடும். எனினும் அது முதற்கட்டச் சோதனையே. மாற்றுத்திறனாளிகளைக் கொண்டு சோதிக்க வேண்டும். அவ்வுழைப்புக்கு ஊதியமும் தர வேண்டும். நம் அறிவை இலவசமாகப் பெற்றுக்கொண்டு நம்மைப் பற்றி எழுதியவர்களை நாம் அறிவோம். அதே பிழையை நாம் பிறர்க்குச் செய்யலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

கணினி அறிவியல் பயிலும் தலித் மாணவர்கள் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். சிறு வணிகங்களுக்குத் தளம் கட்டித் தருவது அவர்களில் பலருக்கு முதல் வருமானம். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், பட்டியல் சாதி, பழங்குடியினர் தொழில் தொடங்க 35 விழுக்காடு முதலீட்டு மானியம் அளிக்கிறது. அதன்வழி எழும் புதிய நிறுவனங்களும் தளம் அமைக்கின்றன. தளம் கட்டுவோரும் கட்டுவிப்போரும் முதல் நாளிலேயே அணுகலை ஒப்பந்தத்தின் ஒரு வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

கல்லூரி மாணவர்கள் தம் ஊர்க் கடைகள், கூட்டுறவுச் சங்கங்கள், கல்லூரிகள் ஆகியவற்றின் தளங்களைத் திரைவாசிப்பானால் சோதித்து, குறைகளைப் பட்டியலிட்டு உரியவருக்கு எழுதலாம். சிறு வணிகரிடம் முதலில் விளக்கமே தேவை, அச்சுறுத்தல் தேவையில்லை. கூலி நெசவாளர் மகன் கட்டிய தளத்தையும் கோடிகளில் புரளும் நிறுவனத்தின் தளத்தையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. வசதி படைத்த நிறுவனங்கள் கேளாவிடின், மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் முறையிடலாம். உச்ச நீதிமன்றம் கோரிய கட்டாய விதிகளை அரசு எவ்வாறு வகுக்கிறது, எவ்வாறு செயற்படுத்துகிறது என்பதைக் கண்காணிப்பதும் இயக்கங்களின் பணியாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, நம் வாசலைப் பார்ப்போம். கண்டன அறிக்கையைப் படமாகவே பகிர்கிறோம். அரசாணைகளை எழுத்தறியா நகலாக, பிடிஎஃப் கோப்பில் ஒளிப்படமாக ஏற்றுகிறோம். ஆர்ப்பாட்டம் நடக்கும் நாளும் இடமும் வண்ணச் சுவரொட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கின்றன. வன்கொடுமைக்கு நீதி கேட்டு நாம் எழுதும் சொற்கள், பார்வையற்ற ஒரு தலித் மாணவரிடம் ‘படம்’ என்ற ஒற்றைச் சொல்லாகவே சென்று சேர்கின்றன. அவர் நம் அணியில் நிற்க வேண்டியவர். அடுத்த அறிக்கையைப் பகிரும்போது அதன் முழு வாசகத்தையும் படத்தின் கீழே எழுத்தாகத் தருவோம். இந்த மாற்றத்துக்குச் சட்டமும் நிதியும் வேண்டியதில்லை, இன்றே தொடங்கலாம்.